செங்கல் சுவரில் கொடி ரோஜாக்கள்: எந்த வகைகளைச் சேர்த்து நடலாம்?

கேள்வி: செங்கல்வீடு

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அண்மையில் நாங்கள் குடிபுகுந்த வீடு, சிவப்புச் செங்கலால் கட்டப்பட்ட பழைய இரண்டடுக்கு வீடு. முன்சுவர் தெற்கு நோக்கியது. வாசற்கதவையும் சன்னல்களையும் கழித்தால் செடி ஏற்றுவதற்கு ஏறத்தாழ 5 மீட்டர் அகலம் கிடைக்கும். மேற்கு நோக்கிய பக்கச்சுவர் 7 மீட்டர் நீளத்துக்கு வெறுமையாக நிற்கிறது. சமையலறையை ஒட்டிய வடக்குச் சுவரில் கோடைக்காலத்தின் காலையிலும் மாலையிலும் மட்டும் சிறிது வெயில் விழும்.

விலைப்பட்டியல்களைப் பார்த்து ஆறு வகைகளைக் குறித்து வைத்திருக்கிறேன்: மஞ்சள் லேடி பேங்க்ஸ், நியூ டான், கினே, கிஃப்ட்ஸ்கேட், ஸெஃபிரீன் துரூயேன், கோல்டன் ஷவர்ஸ். முன்சுவரில் நான்கையும் பக்கச்சுவரில் இரண்டையும் நட்டு, அவை ஒன்றோடொன்று பின்னி ஒரே நேரத்தில் பூக்க வேண்டும் என்பது என் விருப்பம். இவை சேர்ந்து வளருமா? ரோஜாக் கொடி சுவரைப் பெயர்த்துவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். அதற்கும் விடை தெரிந்தால் நல்லது.

மறுமொழி 1: கவாத்துக்கத்தி

சுவரைப் பற்றிய அச்சம் வேண்டாம். ஐவிக் கொடியைப் போல ரோஜா பற்றுவேர் விட்டுச் செங்கல்லைப் பிடிப்பதில்லை. முள்ளை மாட்டிக்கொண்டு சாய்ந்து ஏறும் செடி அது. ஆகவே நீங்கள் கம்பி கட்டிக் கொடுத்தால்தான் சுவரில் நிற்கும்.

பட்டியலிலிருந்து கிஃப்ட்ஸ்கேட்டை முதலில் நீக்கிவிடுங்கள். கிளாஸ்டர்ஷயரிலுள்ள கிஃப்ட்ஸ்கேட் கோர்ட் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் செடி, பெரிய மரங்களின் உச்சிவரை ஏறக்கூடியது. வீட்டுச் சுவரில் விட்டால் சில ஆண்டுகளில் கூரை ஓட்டுக்கும் மழைநீர்க் குழாய்க்கும் போய்விடும். அவ்வளவு இடத்தையும் எடுத்துக்கொண்டு கோடையில் ஒரே ஒரு முறைதான் பூக்கும்.

மீதமுள்ள ஐந்தில், பின்னி வளர்க்கலாமா என்ற கேள்விக்கு நிறத்தை வைத்து விடை சொல்ல முடியாது. கவாத்துக் காலத்தை, அதாவது கிளைகளை வெட்டிவிடும் காலத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். மஞ்சள் லேடி பேங்க்ஸ் முந்தைய ஆண்டுகளில் முற்றிய தண்டில் பூப்பது. பூ முடிந்தவுடன், கோடையின் தொடக்கத்தில்தான் அதை வெட்ட வேண்டும். நியூ டான், கோல்டன் ஷவர்ஸ் போன்றவை பருவம் முழுவதும் மீண்டும் மீண்டும் பூப்பவை. அவற்றைக் குளிர்காலத்தில் வெட்டுகிறோம். இரண்டையும் பின்ன விட்டீர்களானால், சனவரியில் நியூ டானை வெட்டப் போய், அடுத்த மே மாதம் பூக்க வேண்டிய லேடி பேங்க்ஸ் தண்டுகளையும் சேர்த்து வெட்டிவிட நேரும். மேலும், லேடி பேங்க்ஸ் ஏப்ரல் இறுதியிலிருந்து மே மாதத்துக்குள் பூத்து முடித்துவிடும். நியூ டான் கண் திறப்பதே சூனில்தான். அருகருகே நட்டாலும் அவை ஒரே நேரத்தில் பூக்கப்போவதில்லை.

எனவே மேற்குச் சுவர் முழுவதையும் லேடி பேங்க்ஸுக்கே கொடுத்துவிடுங்கள். கடும் உறைபனி அதற்கு ஆகாது என்பதால் வெயில் விழும் சுவர் தேவை. 6 மீட்டருக்கும் அதிகமாகப் பரவும் என்பதால் துணை தேவையில்லை. முள் ஏறக்குறைய இல்லை என்பது பக்கவழியாக நடப்பவர்களுக்கு வசதி. முன்சுவரின் 5 மீட்டரில் இரண்டு செடிகளுக்கு மேல் நடக் கூடாது. அவற்றில் ஒன்று நியூ டானாக இருக்கட்டும். 1931இல் அமெரிக்காவில் செடிகளுக்கென வழங்கப்பட்ட முதல் காப்புரிமை இந்த ரோஜாவுக்குத்தான். ஒரு முறை மட்டும் பூத்த டாக்டர் வான் ஃப்ளீட் என்ற கொடியிலிருந்து தானாகத் தோன்றி, விடாமல் பூக்கத் தொடங்கிய கிளை அது. இன்றும் அதன் உடல்வலிமைக்கு ஈடாகச் சில வகைகளே உண்டு.

மறுமொழி 2: வடக்குவாசல்

மேலே எழுதிய நண்பர் நிறத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. கவாத்து ஒத்துப்போகும் செடிகளுக்குள் எதைத் தேர்வது என்று வரும்போது சுவரின் நிறமே முடிவு செய்கிறது. கினே கறுப்பை நெருங்கும் அடர்சிவப்பு. வெள்ளையடித்த சுவரில் அதற்கு இணையில்லை. சிவப்புச் செங்கல்லின் மேல் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பூ இருப்பதே தெரியாது. பளிச்சென்ற இளஞ்சிவப்போ செங்கல்லோடு சண்டையிடும். வெண்மை, பால்மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு ஆகியவைதான் அந்தச் சுவரில் எடுபடும்.

ஆகவே முன்சுவரில் நியூ டானுக்குத் துணையாக க்ளுவார் த டிஜோன் வகையை நடுங்கள். 1853இல் பிரான்சில் உருவான அதன் பூ, சந்தனமும் சர்க்கரைப் பாதாமியும் கலந்த நிறம். வெயில்படும் சுவரை விரும்பும். நியூ டானுக்கு முன்பே பூக்கத் தொடங்கும். மணமும் நல்ல மணம். கரும்புள்ளி நோய் ஓரளவு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதிர்ந்த இலைகளை அவ்வப்போது பொறுக்கி அகற்றினால் நோய் கட்டுக்குள் இருக்கும்.

ஸெஃபிரீன் துரூயேனைத் தெற்குச் சுவரில் நட வேண்டாம். முள்ளில்லாத செடி என்று எல்லோரும் அதைக் கதவோரம் வைக்கிறார்கள்; ஆனால் காற்றோட்டமில்லாத, காய்ந்த, சூடான சுவரடியில் சாம்பல் நோய் அதை விடாது. வடக்குச் சுவரில் ஓரளவு தேறும் என்றாலும் அங்கே அதைவிடச் சிறந்த செடி ஒன்று உண்டு. அது மேடம் ஆல்ஃபிரட் காரியேர்: 1879இல் லியோனில் உருவானது, இளஞ்சிவப்புச் சாயல் படிந்த வெள்ளைப் பூ, நிழலைப் பொறுக்கும், முள் குறைவு. உங்கள் கென்டிலேயே சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்துக்குச் சென்று பாருங்கள். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் 1930இல் அந்த இடத்தை வாங்கிய காலத்திலேயே சவுத் காட்டேஜ் சுவரில் நட்ட ரோஜா இதுதான். ஒரு வீட்டு முகப்பை இது எப்படி மூடும் என்பதை அங்கே நேரில் காணலாம். அதன் பக்கத்தில் கோல்டன் ஷவர்ஸ் நிற்கலாம். அது 3 மீட்டருக்கு மேல் அதிகம் வளராது, நிழலையும் பொறுத்துக்கொள்ளும், மஞ்சளாக மலர்ந்து வெளிறிப் பாலேட்டு நிறமாகும் பூ, வெள்ளையோடு பொருந்தும். ஆனால் காரியேர் 5 மீட்டர் போகும் செடி என்பதால் அதை மேல் கம்பிகளுக்கு ஏற்றி, கீழ்ப்பகுதியை மஞ்சளுக்கு விடுங்கள்.

மறுமொழி 3: கொடைக்கானல் வாசகர்

எங்கள் மலையில் செடிகளுக்கு முழுமையான குளிர்கால உறக்கம் இல்லாததால் இந்தக் கணக்குகள் மாறும். நீங்கள் அங்கே சூடான சுவர் தேடி நடும், க்ளுவார் த டிஜோன் போன்ற டீ-நுவாசெட் இன ரோஜாக்கள்தாம் இங்கே திறந்தவெளியில் தாராளமாக வளர்பவை. மரேஷால் நீல் என்ற 1864ஆம் ஆண்டு மஞ்சள் கொடி ரோஜாவை நம் ஊர் மலைவீடுகளின் நினைவில் யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம். இங்கிலாந்தில் அது கண்ணாடி வீட்டுக்குள் வளர்க்கப்படும் செடி. கொடைக்கானலைச் சேர்ந்த வீரராகவன் தம்பதியர் மணிப்பூர் மலைகளின் ஜைஜான்டியா என்ற காட்டு ரோஜாவைக் கொண்டு வெப்ப நாடுகளுக்கான கொடி ரோஜாக்களை உருவாக்கியிருக்கிறார்கள். இதே கேள்வியைத் தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் அந்தத் திசையில் தேட வேண்டும்.

செங்கல்வீடு

அனைவருக்கும் நன்றி. மேற்கில் லேடி பேங்க்ஸ், தெற்கில் நியூ டானும் க்ளுவார் த டிஜோனும், வடக்கில் காரியேரும் கோல்டன் ஷவர்ஸும் என முடிவு செய்துள்ளேன். கினேயைக் கைவிட மனமில்லை. பின்வேலிக்கு வெள்ளையடித்தாவது அதை நட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த மாதத்தில் நட வேண்டும்?

கவாத்துக்கத்தி

மண்ணில்லாமல் வேரோடு அனுப்பப்படும் செடிகள் நவம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும். விலையும் குறைவு, வேரும் நன்றாகப் பிடிக்கும். சுவரடியில் மழை விழாது என்பதால் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிக் குழியெடுத்து, தண்டைச் சுவர்ப்பக்கம் சாய்த்து நடுங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மட்கிய தொழுவுரத்தை மூடாக்காகப் பரப்பி, முதல் கோடையில் மழை பெய்தாலும் தண்ணீர் ஊற்றுங்கள். தெற்குச் சுவரின் இரண்டு செடிகளுக்கும் இடையே 2.5 மீட்டர் இருக்கட்டும்.

கம்பிகளைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டரில் தொடங்கி அதே இடைவெளியில் கிடைமட்டமாக இழுத்து, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே காற்று போகும்படி சில சென்டிமீட்டர் விடுங்கள். தண்டை நேராக மேலே விட்டால் நுனிமொட்டு கீழ்மொட்டுகளை அடக்கிவிடும்; பூவெல்லாம் மாடிச் சன்னலுக்கு மேல் போய்விடும். இளந்தண்டாக இருக்கும்போதே மெல்ல வளைத்துக் கம்பியோடு படுக்கையாகக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக்கிளை விட்டுப் பூக்கும். கட்டும்போது தண்டு கம்பியின் முன்புறமாகவே வரட்டும்; கம்பிக்குப் பின்னால் நுழைத்தால் தண்டு பருத்தபின் வெட்டாமல் வெளியே எடுக்க முடியாது.