புது கம்பெனியில் முதல் நாள்: படிவங்களில் எதைக் கவனிக்கணும்?

கேள்வி: திங்கட்கிழமை சேர்கிறேன், இது எனக்கு இரண்டாவது வேலை. முதல் நாளே எச்.ஆர். ஒரு கட்டு படிவம் நீட்டுவார்களாம். எதில் தப்பு வரும்?

பதில் 1: பி.எஃப். படிவத்தில்தான். "ஏற்கெனவே உறுப்பினரா?" என்ற இடத்தில் "ஆம்" போட்டு, பழைய 12 இலக்க யூ.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) எழுதுங்க. அவசரத்தில் "இல்லை" என்று டிக் அடித்தால் இன்னொரு எண் உருவாகி, பழைய பணத்தைச் சேர்க்க அலைய வேண்டிவரும். ஆதாரில் "எஸ். முருகன்", பி.எஃப். கணக்கில் "முருகன் சுப்பையா" என்று இருந்தாலும் சிக்கல்தான். இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்க.

பதில் 2: பழைய கம்பெனி நீங்க விலகின தேதியைப் பி.எஃப். தளத்தில் ஏற்றிவிட்டதா? சர்வீஸ் ஹிஸ்டரியில் தெரியும். ஏற்றாவிட்டால், கடைசி சந்தாவுக்கு 2 மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

பதில் 3: வரியை மறந்துடாதீங்க. ஏப்ரலிலிருந்து பழைய இடத்தில் வாங்கின சம்பளம், பிடித்த வரி இரண்டையும் எழுதிக் கொடுங்க. இல்லையென்றால் நிலைக்கழிவை (சம்பளத்தில் வரி போடாமல் விடும் நிலையான தொகை) இரண்டு கம்பெனியும் கழித்து, வரியைக் குறைவாகப் பிடிப்பாங்க. ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக, வட்டியோடு கட்ட நேரிடும்.

அசல் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கோங்க; நகல் மட்டும் கொடுத்தால் போதும். அதிலும் தேதி போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று குறுக்கே எழுதிடுங்க.