தொப்பூர் ஏற்றத்தில் திணறும் 1.3 டீசல் காரை வாங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரியில் ஒருவர் விற்கும் பழைய டீசல் காரை வாங்குவதற்கு முன் உங்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன். அதில் இருப்பது 2003இல் ஃபியட் அறிமுகப்படுத்திய 1.3 லிட்டர் மல்டிஜெட் வகை எஞ்சின்: 1248 சிசி, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் செல்லும் முறை), 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுழற்சி) 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த வேகத்துக்குக் கீழே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ சோம்பியிருப்பது இயல்புதான். ஆனால் உரிமையாளருடன் சேலம் வரை சென்று திரும்பியபோது, தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 2500ஐத் தாண்டிய பிறகும் இழுவை கூடாமல் கரும்புகை வந்ததே என்னை யோசிக்க வைக்கிறது. டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாயில் கசிவா, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி அடைப்பா, டர்போவே தேய்ந்துவிட்டதா? கடைசியில் சொன்னதென்றால் விலையை மறுபடியும் பேசியாக வேண்டும்.

மேலும், காலையில் கிளப்பியதும் சில நொடிகள் செயின் சத்தம் கேட்கிறது. வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால், ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத வண்டிகளில் செயின் தளர்ந்துவிடும். சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டால் உரிமையாளர் பேச்சை மாற்றுகிறார். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஸ்கேனர் இணைத்து, வண்டியை ஓட்டியபடியே பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ தரும் காற்றழுத்தம்) பார்த்துச் சொல்லக்கூடிய மெக்கானிக் கடை இருந்தால் தெரிவியுங்கள். செயின் செட் மாற்றியவர்கள் ஆன செலவையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.