புதுப்பிப்பு: கட்டணம் குறைந்த பொது கோல்ஃப் மைதானத்தில் ஆடிவிட்டேன்

குறைந்த கட்டணத்தில் எல்லோரையும் அனுமதிக்கும் பொது மைதானத்தில் 18 குழியும் ஆடுவது காசுக்குத் தகுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன் இல்லையா? ஆடிப் பார்த்துவிட்டேன். தகும்.

பெரிய வித்தியாசம் கிரீனில்தான், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில். புல்லை அவ்வளவு ஒட்ட வெட்டுவதில்லை, பந்து சோம்பலாக உருள்கிறது. கொஞ்சம் துணிந்து தட்டினால்தான் குழியை எட்டும். பந்து விழுந்த பள்ளங்களும் காலணித் தடங்களும் ஏராளம். பட் செய்யும் முன், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டித் தட்டும் முன், அவற்றைச் சரிசெய்துகொள்ளலாம். காலணித் தடத்துக்கு அந்த அனுமதி 2019 விதிகளில்தான் வந்தது. இது தெரியாமல் பலர் அப்படியே தட்டிவிட்டுப் புலம்புகிறார்கள், பாவம்.

கூட்டம் உண்டு. குழிக்குத் தொலைவில் இருப்பவர் முதலில் அடிக்கட்டும் என்று காத்திராமல், தயாராக இருப்பவரே அடித்தோம். மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் விதிகளே இதைத்தான் ஊக்குவிக்கின்றன. தொலைந்த பந்தைத் தேடவும் இப்போது 3 நிமிடம்தான், முன்பு 5.

அப்புறம், 14 மட்டையும் வேண்டுமா என்று கேட்டவருக்கு: அது உச்சவரம்பு, கட்டாயம் இல்லை. தொலைவுக்கு அடிக்க ஒரு டிரைவர், நடுத்தர தூரத்துக்குச் சில அயர்ன், கிட்டத்தில் தூக்கி அடிக்க ஒரு வெட்ஜ், கிரீனில் உருட்ட ஒரு பட்டர் இருந்தால் போதும். நடந்தே ஆடுவதானால் பை லேசாக இருப்பது பெரிய உபகாரம். அடுத்த முறை நான் 9 குழியோடு நிறுத்திக்கொள்வேன்.