குண்டு புக் வந்துவிட்டால் தனி இதழ் பழைய பேப்பரா?

மஞ்சள்தாள்:
நேற்று நம் இணைய மன்றத்தின் வேறொரு திரியில் நண்பர் குண்டுபுக் எழுதியது இது: “தொகுப்பு வந்த பிறகும் தனி இதழ்களைக் கட்டி வைத்திருப்பவர்கள் கதை படிப்பவர்கள் அல்ல, பழைய பேப்பர் சேர்ப்பவர்கள்.” இரவு முழுக்க மனம் ஆறவில்லை. அதனால் தனித் திரியாகவே தொடங்குகிறேன்.

பெல்ஜியத்து XIII காமிக்ஸ் தொடரின் தமிழாக்கமான இரத்தப் படலம் என்னிடம் மூன்று வடிவத்திலும் இருக்கிறது. எண்பதுகளிலிருந்து லயன் காமிக்ஸில் தனித்தனியாக வந்த கறுப்பு வெள்ளை இதழ்கள், 2010இல் 200 ரூபாய்க்கு வந்த கறுப்பு வெள்ளை குண்டு புக் (பாகங்களை ஒன்றாகக் கட்டிய தடித்த தொகுப்பு), 2018இல் மூன்று புத்தகமாகப் பெட்டிக்குள் வந்த வண்ணத் தொகுப்பு. மூன்றையும் சொந்தக் காசில் வாங்கியவன் சொல்கிறேன்: கதையின் உயிர் முதல் வடிவத்தில்தான் இருக்கிறது. கதாசிரியர் வான் ஹாம் ஒவ்வொரு ஆல்பத்தையும், அதாவது ஒவ்வொரு பாகத்தின் தனிப் புத்தகத்தையும், 46 பக்கத்துக்குக் கணக்குப் போட்டு எழுதியவர். 46ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிறுத்துவார். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு நாம் தவிக்க வேண்டும். குண்டு புக்கில் தவிப்பு எங்கே இருக்கிறது? தாளைத் திருப்பினால் அடுத்த பாகம் வந்து நிற்கிறது.

குண்டுபுக்:
ஐயா, நான் எழுதியதை முழுதாகப் போட்டிருக்கலாம். “படிக்காமல் கட்டி வைத்திருப்பவர்கள்” என்றுதான் எழுதினேன். சரி, அது போகட்டும்.

இரத்தப் படலம் 1984இல் பெல்ஜியத்து ஸ்பிரூ வார இதழில் தொடங்கியது. வாரத்துக்குச் சில பக்கம். அப்புறம்தான் ஆல்பம். அப்படியென்றால் நீங்கள் கும்பிடும் ஆல்பமே ஒரு தொகுப்புதானே? உங்கள் கணக்குப்படி பார்த்தால் ஸ்பிரூ இதழ்களை வாராவாரம் வாங்கியவர் மட்டும்தான் கதை படித்தவர். நீங்களும் நானும் அந்தப் பட்டியலில் இல்லை.

மஞ்சள்தாள்:
வார இதழ் வேறு, ஆல்பம் வேறு. ஆல்பத்துக்கென்று எழுதிய கதையை வார இதழில் முன்கூட்டிக் காட்டினார்கள். வான் ஹாம் முடிச்சுப் போட்ட இடம் 46ஆம் பக்கம். வார இதழில் பக்கம் முடிகிற இடம் எல்லாம் முடிச்சு ஆகாது. 46ஆம் பக்கத்தைப் பற்றி உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள் தம்பி.

ஈரோட்டு வாசகி:
நான் 2018 தொகுப்பில்தான் இந்தக் கதைக்குள் வந்தேன். எனக்குத் தனி இதழ் கிடைக்கவே வழியில்லை. ஒரு பழைய புத்தக வியாபாரி ஒரே ஒரு இதழுக்கு 2000 ரூபாய் கேட்டார், அதுவும் பின்னட்டை இல்லாமல்.

படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாயகனுக்குத் தான் யார் என்று தெரியாது. கழுத்தெலும்புப் பக்கம் XIII என்று பச்சை குத்தியிருப்பது மட்டும்தான் அடையாளம். கரையில் ஒதுங்கியவனைக் காப்பாற்றும் முதிய தம்பதி ஆலன் என்று பெயர் வைக்கிறார்கள். அப்புறம் அவன் ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டானர், ஜேஸன் ஃப்ளை, கெல்லி பிரையன் என்று மாறிக்கொண்டே போகிறான். ஒரே மூச்சில் படித்தபோதே நான் தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டுதான் தொடர முடிந்தது. வருடத்துக்கு ஒரு பாகம் என்றால் யாருக்கு என்ன நினைவிருக்கும்? இப்படிப்பட்ட கதைக்குத் தொகுப்பு இல்லாமல் முடியாது.

மஞ்சள்தாள்:
சகோதரி, எங்களுக்கு நினைவிருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். அடுத்த பாகம் வரும்வரை முந்தைய பாகத்தை ஏழெட்டு முறை படித்தோம். பள்ளிக்கூடத்து மதிய இடைவேளையில் மூன்று பேர் உட்கார்ந்து கதையில் வரும் ஜனாதிபதி ஷெரிடனைச் சுட்டது யார், அந்த உத்தரவு யாரிடமிருந்து வந்தது என்று சண்டை போட்டோம். ஒருவன் வரைபடமே போட்டு வைத்திருந்தான். 46ஆம் பக்கத்தில் நிறுத்தியதால்தான் அந்தச் சண்டை நடந்தது. மூன்று இரவில் படித்து முடித்தவருக்குச் சண்டை போட நேரம் எங்கே?

ஈரோட்டு வாசகி:
மூன்று இரவு என்று நான் எங்கே சொன்னேன்? ஐந்து வாரம் ஆனது. எனக்கும் சண்டை போட ஆள் இருந்தார்கள். என் தங்கை இருந்தாள்.

கரூர்க்காரன்:
மஞ்சள்தாள் அண்ணா தனி இதழ் தனி இதழ் என்கிறார். எது தனி இதழ்? முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்த மாயாவி 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் வாரத்துக்கு ஓரிரு பக்கமாக வந்தவர். லயனின் முதல் இதழ் 1984 ஜூலையில் மாடஸ்டி என்ற நாயகியின் கதை. அவர் லண்டன் மாலைப் பத்திரிகையில் 1963 முதல் தினம் ஒரு வரிசையாக, மூன்று நான்கு கட்டங்களாக வந்தவர். நாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த இதழ்கள் எல்லாமே தினத்தொடரையும் வாரத்தொடரையும் வெட்டி ஒட்டிய தொகுப்புகள். நம் காமிக்ஸ் பிறந்ததே தொகுப்பாகத்தான். அப்புறம் என்ன தொகுப்பு மேல் கோபம்?

மஞ்சள்தாள்:
மாயாவியைப் பற்றி நான் பேசவில்லை. இரத்தப் படலம் பற்றிப் பேசுகிறேன், 46ஆம் பக்கம் பற்றிப் பேசுகிறேன்.

கரூர்க்காரன் இந்தத் திரியில் எழுதுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். 2016 ஈரோடு புத்தகத் திருவிழாவில் என்னிடம் இரத்தப் படலத்தில் ஒரு இதழை இரவல் வாங்கிப் போனவர் இவர். அதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அட்டைப்படம்:
இடையில் ஒரு திருத்தம். 46, 46 என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். பெல்ஜிய ஆல்பம் என்றால் பொதுவாக 48 பக்கப் புத்தகம். அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன். ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர், அது மூன்று சேர்ந்தால் 48. அதில் தலைப்புப் பக்கம், பட்டியல் பக்கம் போக மிச்சம் 44 அல்லது 46 பக்கம்தான் கதைக்கு. ஆக, அந்த எண்ணைத் தீர்மானித்தது அச்சு இயந்திரமும் தாளை மடிக்கும் கணக்கும். வான் ஹாம் அந்தச் சட்டத்துக்குள் எழுதினார், அவ்வளவுதான்.

குண்டுபுக்:
அட்டைப்படம் சார், நன்றி. இதைத்தான் நான் இரண்டு வருடமாகச் சொல்கிறேன். நிறுத்தம் வைத்தது ஃபாரம். அதைப் போய் ஆசிரியரின் தவம் என்று கொண்டாடுகிறார்.

மஞ்சள்தாள்:
வெண்பாவுக்கு ஈற்றடி மூன்று சீர் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதால் ஈற்றடியை எழுதியது யாப்பு நூல் என்று சொல்வீர்களா? எழுதியது புலவர். 46 பக்கம் என்ற அளவு கிடைத்தது, அதன் கடைசியில் என்ன வைப்பது என்று தீர்மானித்தவர் வான் ஹாம். அச்சுத் தொழில் தெரிந்தவர் இதைப் புரிந்துகொள்ளாதது வருத்தமாக இருக்கிறது.

அட்டைப்படம்:
எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வேண்டாம். நான் கடைசிப் பக்கத்தின் அருமையை மறுக்கவில்லை, எண்ணைத்தான் திருத்தினேன். இன்னொன்று, நீங்கள் போன மாதத் திரியில் இந்தத் தொடரின் முதல் சுற்று 18 பாகம் என்று எழுதினீர்கள். 1984 முதல் 2007 வரை 19 ஆல்பங்கள்.

மஞ்சள்தாள்:
அந்தப் பதின்மூன்றாம் புத்தகம் காமிக்ஸ் ஆல்பமே இல்லை. 1999இல் வந்த விசாரணைக் கோப்பு அது. பத்திரிகையாளர்கள் திரட்டிய தகவல், ஆட்களைப் பற்றிய குறிப்பு என்று இருக்கும். அதைக் கழித்தால் 18. நான் தவறாக எழுதவில்லை.

அட்டைப்படம்:
முதுகில் 13 என்று எண் போட்டு வெளியிட்ட புத்தகத்தைக் கழிக்க நீங்கள் யார்? 19.

மஞ்சள்தாள்:
18. கதை என்று பார்த்தால் 18.

குண்டுபுக்:
கொஞ்சம் விஷயத்துக்கு வருவோம். அசல் அசல் என்கிறீர்கள். வில்லியம் வான்ஸ் வரைந்த ஆல்பம் வண்ணத்தில், பெரிய அளவில் வந்தது. நீங்கள் எண்பதுகளில் படித்தது கையடக்க அளவில், கறுப்பு வெள்ளையில். முதல் பாகத்தில் கடலும் கரையும் எப்படி இருக்கும் என்று எனக்கு 2018இல்தான் தெரிந்தது. பனியும் இரவும் வரும் காட்சிகளில் வண்ணம் பாதிக் கதையைச் சொல்கிறது. சின்ன அளவில் முகங்கள் எல்லாம் மைத் தீற்றலாகிவிட்டன, யார் கர்னல் அமோஸ், யார் ஜெனரல் காரிங்டன் என்றே தெரியாது. வான்ஸ் 2018 மே மாதம் மறைந்தார். அதே வருடம் அவருடைய ஓவியங்கள் தமிழில் முழு வண்ணத்தில் வந்தன. அந்தப் பெட்டியைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. அதைப் போய்த் தவிப்பு இல்லாத புத்தகம் என்று ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஈரோட்டு வாசகி:
இதை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

மஞ்சள்தாள்:
வண்ணத்தை நான் குறை சொல்லவே இல்லை. வண்ணத்தில் தனித்தனி இதழாகப் போட்டிருந்தால் முதல் ஆளாகச் சந்தா கட்டியிருப்பேன். நீங்கள் வண்ணத்தையும் பைண்டிங்கையும் குழப்புகிறீர்கள்.

பைண்டிங் என்றதும் நினைவு வருகிறது. சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு தடித்த தொகுப்பு (எந்தப் பதிப்பகம் என்று சொல்லப்போவதில்லை) இரண்டாம் வாசிப்பிலேயே பசை விட்டு நடுவில் பிளந்தது. பிளக்காத புத்தகத்திலும் நடு மடிப்பில் கால் கட்டம் புதைந்து கிடக்கும். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, பேருந்தில் எடுத்துப்போக முடியாது. தனி இதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்து திருநெல்வேலியிலிருந்து மதுரை வரை படித்துக்கொண்டே வந்தவன் நான்.

இன்னும் ஒன்று. அந்த மாதத்து ‘ஹாட்லைன்’ என்ற ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதங்கள், ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம். என் ஊர் பெயரோடு என் கடிதம் ஒருமுறை அச்சானது. அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது? எதிலும் இல்லை. என் அப்பா அந்தப் பக்கத்தைக் கடைத்தெரு முழுக்கக் காட்டினார். அதைப் பழைய பேப்பர் என்று எழுதிய கையை நான் மறக்க மாட்டேன்.

குண்டுபுக்:
உங்கள் கடிதத்தை நான் பழைய பேப்பர் என்று சொல்லவில்லை. அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுங்கள், நானே வந்து பார்க்கிறேன். ஆனால் கடிதம் வேறு, கதை வேறு. நாம் பேசுவது கதை.

அப்புறம், என்னைத் தம்பி என்று எழுதாதீர்கள். எனக்கு வயது 47.

கரூர்க்காரன்:
கையில் கிடைத்ததும் மூடிவிட்டுத் தவிக்க வேண்டும் என்றால் குண்டு புக்கிலும் அதைச் செய்யலாமே அண்ணா. 46ஆம் பக்கத்தில் ஒரு நூலை வைத்து மூடுங்கள். ஒரு வருடம் கழித்துத் திறங்கள். யார் தடுத்தார்கள்?

மஞ்சள்தாள்:
பக்கத்தில் சோற்றை வைத்துக்கொண்டு இருப்பது விரதம், சோறே இல்லாதது பசி. எங்களுடையது பசி. அடுத்த பாகம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத பசி. நூல் வைத்து மூடினால் அது வராது.

குண்டுபுக்:
இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தப் பசியை வைத்தது வான் ஹாம் இல்லை. பிரெஞ்சில் எண்பதுகளில் கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு ஆல்பம் வந்தது, தொண்ணூறுகளில்தான் இரண்டு வருடம்கூட ஆனது. இங்கே நாம் காத்திருந்த காலத்துக்கும் அவர் போட்ட 46ஆம் பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. உரிமை, தாள், விற்பனை என்று ஆயிரம் காரணம். உங்கள் இளமைக்காலத்துப் பசியை ஆசிரியரின் கலை என்று எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

மஞ்சள்தாள்:
46ஆம் பக்கத்தில் முடிச்சு இல்லாவிட்டால் எத்தனை வருடம் காத்திருந்தாலும் பசி வந்திருக்காது. முதலில் முடிச்சு, அப்புறம்தான் பசி. ஐந்தாம் பாகத்தின் முடிவையும் ஆறாம் பாகத்தின் தொடக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். 1988இல் ஒரு சுற்றை முடிக்கிறார், 1989இல் ஜேஸன் ஃப்ளை என்ற பெயரை வைத்து எல்லாவற்றையும் மறுபடி கிளறுகிறார். அந்த இடைவெளியில் வாசகன் ‘முடிந்துவிட்டது’ என்று நம்ப வேண்டும். தொகுப்பில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. கையில் இன்னும் இத்தனை பக்கம் கனக்கிறதே, எப்படி முடிந்திருக்கும்?

ஈரோட்டு வாசகி:
இந்தக் கடைசி வாதம் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் 2018 பதிப்பு மூன்று தனிப் புத்தகம். கனம் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மஞ்சள்தாள்:
மூன்று புத்தகமும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது சகோதரி. பெட்டி கண்ணுக்குத் தெரியும்.

கரூர்க்காரன்:
அண்ணா, ஒரு கேள்வி. உங்களிடம் தனி இதழ்கள் எல்லாம் இருக்கின்றன என்று முதல் பதிவில் எழுதினீர்கள். நான் வாங்கிப் போன இதழ் என்னிடம்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் 2016க்குப் பிறகு அந்தப் பாகத்தை எதில் படித்தீர்கள்?

குண்டுபுக்:
ஆமாம், எதில் படித்தீர்கள்?

அட்டைப்படம்:
நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மஞ்சள்தாள்:
குண்டு புக்கில்தான் படித்தேன். வேறு வழி? எடுத்துப் போனவர் பத்து நாளில் தருகிறேன் என்றார். அந்தப் பாகத்தைப் படிக்கும்போதெல்லாம் என் வரிசை நடுவில் அறுந்து நிற்கிறது. அட்டையில் என் பெயர், வாங்கிய தேதி, உள்பக்கத்தில் என் தங்கை பென்சிலில் வரைந்த மீசை, எல்லாம் அவர் வீட்டில் இருக்கிறது. தொகுப்பில் கதை கிடைத்தது, அது கிடைக்கவில்லை.

கரூர்க்காரன்:
நான் 2017இலேயே உங்கள் நண்பர் கையில் கொடுத்தனுப்பினேன். இதை ஏற்கெனவே மூன்று முறை சொல்லிவிட்டேன்.

மஞ்சள்தாள்:
எந்த நண்பர்? எனக்கு வரவில்லை.

அட்டைப்படம்:
அது எந்தப் பாகம் என்று யாராவது எண்ணைச் சொல்லுங்கள். 19 கணக்கில் சொல்லுங்கள், 18 கணக்கில் வேண்டாம்.

மஞ்சள்தாள்:
18 கணக்கில்தான் சொல்வேன். முதலில் இதழ் வரட்டும்.