புது ஏடிமெகா328பி ஐந்தும் பேசவில்லை, பழையது மட்டும் பேசுகிறது: ஏவிஆர்டியூடில் எந்த ஆப்ஷன் போட வேண்டும்?

பிரெட்போர்டு பாண்டி எழுதியது:

வணக்கம். மூன்று நாளாக இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறேன், இனி என்னால் ஆகாது. மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்ட ஆர்டுயினோ ஊனோவில் ஒன்று செய்தேன், நன்றாக ஓடுகிறது. அதையே தனிச் சிப்பில் செய்து அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் கொடுக்கலாம் என்று ஊனோவுக்குள் இருக்கும் அதே சிப்பான ஏடிமெகா328பி ஐந்து வாங்கினேன், 28 கால் டிப். பிரெட்போர்டில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 22 பைக்கோஃபாரட் இரண்டு, ரீசெட் காலுக்கு 10கே. புரோகிராமர் யுஎஸ்பிஏஎஸ்பி, லினக்ஸ் லேப்டாப், அதில் ஏவிஆர்டியூட் (சிப்பில் புரோகிராம் ஏற்றும் மென்பொருள்).

ஊனோவிலிருந்து நெம்பி எடுத்த பழைய சிப்பை இதே பிரெட்போர்டில், இதே வயரில் செருகினால் சமர்த்தாகப் பேசுகிறது. புதியது ஐந்துக்கும் "டார்கெட் பதில் தரவில்லை" என்றே வருகிறது. வயரை மாற்றினேன், மல்டிமீட்டரில் பீப் வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன், பழுது எதுவும் இல்லை. அந்தப் பிழைச் செய்தியின் கடைசி வரியில் அதுவே "இணைப்பைச் சரிபார், இல்லாவிட்டால் மைனஸ் எஃப் போட்டு இந்தச் சோதனையைத் தாண்டு" என்கிறது, சரி அதையும் பார்த்துவிடுவோம் என்று போட்டேன், சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) 000000 என்று காட்டி "யைக்ஸ்!" என்று ஒரு கூச்சல், அப்புறம் எழுதுவது போல எழுதிவிட்டு, சரிபார்க்கும்போது முதல் பைட்டிலேயே தப்பு என்று நின்றுவிட்டது.

ஒரு வீடியோவில், வேகத்தைக் குறைத்தால் சரியாகும், மைனஸ் பி 10 போடு என்றார்கள். போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைக்காரர் செத்த சிப்பை என் தலையில் கட்டிவிட்டாரா? (போனில் தமிழ்க் கீபோர்டுதான் இருக்கிறது, கட்டளையையும் தமிழிலேயே அடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சாலிடர் புகை எழுதியது:

ஐந்தும் சேர்ந்து சாகாது தம்பி. கடைக்காரரை விடு.

முதலில் நீ போட்டது எந்த பி? ஏவிஆர்டியூடில் பி என்று நாலு இருக்கிறது, தமிழில் அடித்தால் நாலும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் அடிப்பவர்களே பாதிப் பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள். பார்ட், அதாவது சிப் பெயர் சொல்ல வருவது சின்ன எழுத்து. போர்ட் சொல்ல அதே எழுத்தின் பெரியது. பாட் ரேட்டுக்குச் சின்னது, பிட் கிளாக்குக்குப் பெரியது. வீடியோக்காரர் சொன்னது பிட் கிளாக் பி, பெரிய எழுத்து. நீ சின்னதை அடித்திருப்பாய். பாட் ரேட் எல்லாம் சீரியல் போர்ட்டில் பேசுகிறவர்களுக்கு: ஊனோ பூட்லோடருக்கு (சீரியல் வழியாகப் புரோகிராமை வாங்கிக்கொள்ள சிப்புக்குள் இருக்கும் சின்னப் புரோகிராம்) 115200, பழைய நானோவுக்கு 57600, ஊனோவையே புரோகிராமராக்கினால் 19200. யுஎஸ்பிஏஎஸ்பி அந்த எண்ணைக் கண்டுகொள்ளாது. தப்பு என்றும் சொல்லாது, அதுதான் கொடுமை.

பழையது ஏன் பேசுகிறது, புதியது ஏன் பேசவில்லை என்றால், கிரிஸ்டலைப் பக்கத்தில் வைத்துவிட்டதால் மட்டும் சிப் அதைப் பயன்படுத்தாது, ஃபியூஸ் (சிப் எப்படி ஓட வேண்டும் என்று அதற்குள் எழுதி வைக்கும் பிட்கள்) சொன்னால்தான் பயன்படுத்தும். ஊனோ சிப்பில் அந்த ஃபியூஸ் ஏற்கெனவே எழுதியிருக்கிறது, அதனால் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. கடையிலிருந்து வரும் புதுச் சிப் உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை எடுத்து அதையும் எட்டால் வகுத்து வெறும் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். புரோகிராமரின் எஸ்சிகே (சிப்போடு பேசும் தாளத்தைத் தரும் கிளாக்) வேகம் சிப் ஓடும் வேகத்தில் நாலில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது இங்கே 250 கிலோஹெர்ட்ஸுக்குள். யுஎஸ்பிஏஎஸ்பி சும்மா விட்டால் 375இல் பேசும். காது மந்தமானவரிடம் கடகடவென்று பேசுவது மாதிரி.

பெரிய பி போட்டு 10 கொடு. அந்த எண் மைக்ரோசெகண்ட், ஒரு பிட்டுக்கு எவ்வளவு நேரம் என்று அர்த்தம், ஆகவே எண் கூடினால் வேகம் குறையும். வேலை செய்தால் திரையில் எஸ்சிகே 93750 ஹெர்ட்ஸ் என்று ஒரு வரி வரும். அதற்குப் பதிலாக "எஸ்சிகே பீரியடை அமைக்க முடியவில்லை, ஃபர்ம்வேரைப் புதுப்பி" என்று வந்தால் உன் யுஎஸ்பிஏஎஸ்பி பழைய ஃபர்ம்வேர் உள்ள நகல் போர்டு, அதில் எந்த எண் கொடுத்தாலும் ஏறாது. போர்டில் ஜேபி3 என்று இரண்டு துளை இருக்கும், பெரும்பாலும் ஜம்பர் பின்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு கம்பித் துண்டால் அந்த இரண்டையும் சேர்த்தால் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடும்.

ஹெக்ஸ் தாத்தா எழுதியது:

மேலே சொன்னது சரி. நான் மைனஸ் எஃப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பிழையைச் சரிசெய்யாது, பிழையைச் சொல்லாதே என்று வாயை மூடும், அவ்வளவுதான். சிக்னேச்சர் 000000 அல்லது எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் என்றால் அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்று அர்த்தம். யாரும் இல்லாத வீட்டுக்குக் கடிதம் போட்டு என்ன பயன்? ஃபிளாஷ் (புரோகிராம் இருக்கும் நினைவகம்) என்றால் திரும்ப எழுதிக்கொள்ளலாம், ஃபியூஸை இப்படி எழுதினால் போச்சு. கேபிள் லூசாக இருந்த ஒரு நாள் நான் எஃப் போட்டு ஃபியூஸ் எழுதினேன், எந்த பிட் எப்படிப் போய் விழுந்ததோ, அந்த ஏடிமெகா8 இன்னும் என் மேசை டிராயரில் நினைவுச் சின்னமாகக் கிடக்கிறது.

இன்னொன்று. ஆர்டுயினோ ஐடிஇயில் வெர்போஸை டிக் செய்து, அது காட்டும் நீளமான கட்டளையை அப்படியே நகலெடுத்தீர்களா? எடுத்திருந்தால் அதில் பெரிய டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்குங்கள். தானாக அழிக்காதே என்று அர்த்தம். பூட்லோடர் வழியாக ஏற்றும்போது அது வேண்டும். புரோகிராமர் வழியாகப் போட்டால், ஃபிளாஷில் 1ஐ 0 ஆக்கத்தான் முடியும், அழிக்காமல் 0ஐ 1 ஆக்க முடியாது, பழைய புரோகிராமின் மேலேயே புதியது விழுந்து இரண்டும் கெட்டுப்போகும்.

பிரெட்போர்டு பாண்டி எழுதியது:

அண்ணா, சின்ன பிதான்! ஹிஸ்டரியில் போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பெரிய பி 10 போட்டதும் 93750 வந்தது, நாலு சிப் 328பியின் சிக்னேச்சரான 1இ 95 0எஃப் என்று பதில் சொல்லிவிட்டன. பெரிய டியும் இருந்தது தாத்தா, எடுத்துவிட்டேன்.

இப்போது இரண்டு சந்தேகம். ஐந்தாவது சிப் 1இ 95 14 என்கிறது, அதற்கும் எஃப் போடக் கூடாதா? இரண்டாவது, புரோகிராம் ஏறிவிட்டது, ஆனால் ஒரு வினாடிக்கு ஒரு முறை மினுக்க வேண்டிய எல்இடி எட்டு வினாடிக்கு ஒரு முறை மினுக்குகிறது, நின்று எண்ணிப் பார்த்தேன்.

சாலிடர் புகை எழுதியது:

1இ 95 14 என்றால் அது பின்னால் பி இல்லாத 328. மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார். எஃப் வேண்டாம், பார்ட் பெயரை எம்328பி என்பதற்குப் பதில் எம்328 என்று கொடு, போதும். தூக்கத்தில் பிரவுன் அவுட்டை (வோல்டேஜ் குறைந்தால் ரீசெட் செய்யும் காவல்) புரோகிராமிலிருந்து அணைக்கும் வசதி அதில் இல்லை, பேட்டரியில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது கவலை, உன் தொட்டிக்கு இல்லை.

எட்டு வினாடிக்குக் காரணம் அதே எட்டால் வகுக்கும் ஃபியூஸ்தான். ஐடிஇயில் என்ன போர்டு தேர்ந்தெடுத்தாய் என்று கேட்க வேண்டியதே இல்லை, 8 மெகாஹெர்ட்ஸ் என்று ஏதோ ஒன்றை எடுத்திருக்கிறாய், ஊனோவை எடுத்திருந்தால் 16 வினாடி ஆகியிருக்கும். முதலில் லோ ஃபியூஸைப் படித்துப் பார்: -யு எல்ஃப்யூஸ்:ஆர்:-:எச். 0எக்ஸ்62 என்று வரும். ஹெக்ஸில் 6 என்றால் 0110, அந்த முதல் பூஜ்யம்தான் எட்டால் வகுப்பது. ஃபியூஸில் 0 என்றால் ஆன், 1 என்றால் ஆஃப், எல்லாம் தலைகீழ். அந்த ஒரு பிட்டை மாற்றினால் இ2, அதாவது கிரிஸ்டல் இல்லாமல் 8 மெகாஹெர்ட்ஸ். ஆனால் உள் ஆசிலேட்டர் 10 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம், சீரியலில் குப்பை எழுத்து வந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். உன்னிடம் கிரிஸ்டல் இருக்கிறதே, ஊனோவில் இருப்பது போல எஃப்எஃப் எழுது: -யு எல்ஃப்யூஸ்:டபிள்யூ:0எக்ஸ்எஃப்எஃப்:எம். கடைசி எம் கோப்பு இல்லை, எண்ணையே நேராகக் கொடுக்கிறேன் என்று சொல்வது, அதை மறந்தால் அந்தப் பெயரில் கோப்பு தேடும்.

எழுதும்போது கிரிஸ்டல் செருகியிருக்கட்டும். எஃப்எஃப் எழுதிய சிப்பைக் கிரிஸ்டல் இல்லாமல் செருகினால் மறுபடி "பதில் தரவில்லை" என்று இங்கே வந்து நிற்பாய். ஃபியூஸ் எழுதிய பிறகு பிட் கிளாக் பியை எடுத்துவிடலாம், 375இலேயே சட்டென்று ஏறும். அப்புறம் ஐடிஇயில் போர்டை ஊனோ என்று மாற்றி ஒருமுறை கம்பைல் செய். ஹை ஃபியூஸைத் தொடாதே. அதன் 7ஆம் பிட்டைத் தவறி 0 ஆக்கினால் ரீசெட் கால் சாதாரணக் கால் ஆகிவிடும், பிறகு 12 வோல்ட் கொடுக்கும் ஹைவோல்டேஜ் புரோகிராமர் இல்லாமல் உள்ளே போக வழியே கிடையாது.

ஹெக்ஸ் தாத்தா எழுதியது:

ஹை ஃபியூஸை ஒரே ஒரு காரணத்துக்குத் தொடலாம். தொட்டியின் உயர அளவை ஈஈபிராமில் (கரண்ட் போனாலும் அழியாத சின்ன நினைவகம்) வைத்திருக்கிறீர்களா? இருந்தால், சிப்பை அழிக்கும் ஒவ்வொரு முறையும் அதுவும் சேர்ந்து போகும். ஹை ஃபியூஸில் இருக்கும் டி9ஐ டி1 ஆக்கினால் ஈஈபிராம் தப்பிக்கும். அவ்வளவு தைரியம் இல்லை என்றால் -யு ஈஈபிராம்:ஆர் என்று கோப்பில் படித்து வைத்துக்கொண்டு பிறகு எழுதுங்கள்.

பிரெட்போர்டு பாண்டி எழுதியது:

ஈஈபிராமில்தான் வைத்திருக்கிறேன் தாத்தா, ஒவ்வொரு முறையும் தொட்டி 255 சென்டிமீட்டர் என்று காட்டியது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. படித்து வைக்கும் வழியே போதும், டி1 பக்கம் போகவில்லை. நாலு சிப்பில் எஃப்எஃப் எழுதியாயிற்று, வினாடிக்கு ஒன்று மினுக்குகிறது. ஐந்தாவதின் மேலே லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பி இல்லை, நான்தான் கவனிக்காமல் வாங்கியிருக்கிறேன்.