உங்கள் பலத்தை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்ட அனுபவம் உண்டா?

மெர்ச்சண்டைசர் (துணி ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை), திருப்பூர்:

என் பலம் இங்கிலீஷ் மெயில் என்றுதான் நினைத்திருந்தேன். ஆர்டர் கொடுக்கும் பையருக்கு நான் எழுதுவதை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். வேறு வேலைக்கு மாறலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது பழைய மேனேஜர் ஒருவர், "முதல்ல உன்கூட வேலை பார்த்தவங்களைக் கேளும்மா" என்றார். எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பேராசிரியர்கள் உருவாக்கிய 'ரிஃப்ளெக்டட் பெஸ்ட் செல்ஃப்' என்ற பயிற்சி அது. லாரா மோர்கன் ராபர்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 2005-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அதைப் பற்றி எழுதினார்கள். "என் பலம் என்ன?" என்று கேட்கக் கூடாது. "நான் ரொம்ப நன்றாகச் செயல்பட்டதாக உங்களுக்குத் தோன்றிய ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். வீடு, நட்பு, வேலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேண்டும்.

பலம் என்ன என்று நேராகக் கேட்டால் நம் ஊரில் "நல்ல பொண்ணு, கஷ்டப்பட்டு உழைக்கும்" என்று முடித்துவிடுவார்கள். சம்பவம் கேட்டால் உட்கார்ந்து யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நானும் அப்படியே கேட்டேன். சாயப்பட்டறை மாஸ்டர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஒரு நேவி ப்ளூ ஆர்டரில் ஷேட், அதாவது நிறச்சாயல், மாறிப்போன கதை. பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு ஒத்துப்போன துணி, கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கில் செம்மை தட்டியது. சாயக் கலவை மாறினால் இப்படி நடக்கும், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. நான் அந்த நாளையே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. "எல்லாரும் வந்ததும் யாரு தப்புன்னு சத்தம் போடுவாங்க அம்மிணி. நீங்க எத்தன ரோல் ஓடியிருக்குது, மிச்சத்தை நிறுத்தலாமான்னுதான் கேட்டீங்க. அன்னிக்கு எங்க பசங்க பயமில்லாம உண்மையைச் சொன்னாங்க."

பிரிண்டிங் யூனிட்டிலிருந்து வந்த பதிலும் இதே மாதிரிதான். என் அத்தை சொன்ன கல்யாண மண்டபச் சம்பவமும் இதேதான். சாப்பாடு பற்றாமல் போன நேரத்தில் சமையல்காரரிடம் நான் பேசிய விதம்! மெயிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. செக்கிங் சூப்பர்வைசர் அக்கா மட்டும், "உன் மெயில் ரொம்ப நீளம் கண்ணு, பாதியில விட்டுட்டு உனக்கே போன் பண்ணிருவேன்" என்றார். படிக்கும்போது சுருக்கென்றது. ஆனால் அவர் அதைச் சொன்ன பிறகுதான், என்னைப் பற்றி அவர் சொன்ன நல்லதையும் முழுசாக நம்ப முடிந்தது. வேலையை விடவில்லை. டையிங், பிரிண்டிங் ஃபாலோ-அப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கணக்கு ஆசிரியர், திருச்சி:

திருப்பூர் சகோதரி எழுதியதில் சம்பவம் என்ற விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்களுக்கு ஒரு பயிற்சி முகாமில் ஜோஹாரி ஜன்னல் என்ற பயிற்சியை நடத்தினார்கள். ஜோசஃப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் உருவாக்கியது. 56 குணச்சொற்களில் நமக்குப் பொருந்துவதை நாம் எடுக்க வேண்டும், நம்மைத் தெரிந்தவர்களும் எடுப்பார்கள். அவர்கள் எடுத்து நாம் எடுக்காதது, நாம் காணாத கட்டத்துக்குப் போகும். எனக்கு அந்தக் கட்டத்தில் வந்தது 'பொறுமை'. வீட்டில் மகளிடம் சொன்னேன். "அப்படித் தெரியலையேப்பா" என்றாள். இரண்டு பக்கமும் பொய் சொல்பவர்கள் இல்லை.

பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் எதை வைத்துப் பொறுமை என்று எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு மாணவி கரும்பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய நாளைச் சொன்னார். நான் தப்பு என்று சொல்லாமல், "2/5 பெரிசா, 1/2 பெரிசா?" என்று மட்டும் கேட்டேனாம். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், கூட்டினா எப்படிக் குறையும்?" என்று தானே அழித்திருக்கிறாள். அது பொறுமை இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. பிள்ளை எந்தப் படியில் வழுக்கினாள் என்பது எனக்குச் சட்டென்று தெரிகிறது, அதனால் பதற்றம் வருவதில்லை. வீட்டு விஷயங்களில் அது தெரிவதில்லை, அதனால்தான் மகள் அப்படிச் சொன்னாள். இப்போது பின்தங்கிய பிள்ளைகளுக்கான மாலை வகுப்பை நானே எடுக்கிறேன்.

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை:

யாரைக் கேட்பது என்பதில்தான் எனக்குத் தயக்கம் இருந்தது. மேலதிகாரியைக் கேட்டால் சம்பள உயர்வுக்கு அடி போடுகிறோம் என்று நினைப்பார்கள், ஜூனியரைக் கேட்டால் பயந்து புகழ்வார்கள். நான் ஷிப்ட் மாறும்போது என்னிடமிருந்து வார்டை வாங்கிக்கொள்ளும் தோழியைத்தான் கேட்டேன். என் வேலை சரியில்லை என்றால் அடுத்த எட்டு மணி நேரம் அவதிப்படுவது அவள்தான். "நீ ஹேண்ட் ஓவர் கொடுத்தா கேஸ் ஷீட்டை மறுபடி புரட்ட வேண்டியதில்லைடி, எந்த பெட்டை முதல்ல பார்க்கணும்னு சொல்லிட்டுத்தான் போவ" என்றாள். குழந்தைகளுக்கு ஊசி ஏற்ற வெயின் எடுப்பதில்தான் நான் கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டிருந்தேன். அதில் நான் பரவாயில்லை ரகம்தான் என்றும் சேர்த்தே சொன்னாள். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஹேண்ட் ஓவர் சொல்லித்தரலாமா என்று எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.