கோட்டை மான்களின் கொம்பு

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களைத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து இறங்கி வரும்போது ஒரு கலைமான் வேப்பமரத்தில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது, கொம்பிலிருந்து இரத்தம் தோய்ந்த தோல் நார் நாராகத் தொங்கியது, யாரோ அடித்துவிட்டார்கள் என்று பதறிப்போய்க் கச்சான் விற்கிற ஐயாவிடம் ஓடினேன். "காயம் இல்லைப் பிள்ளை, கொம்பு முத்தினால் தோல் உரியும், அங்க பாருங்கோ" என்றார். பத்தடி தள்ளி இன்னொன்றுக்குப் பஞ்சு போல ரோமம் போர்த்திய இளங்கொம்பு. அதற்குப் பக்கத்தில் நின்றதுக்குக் கொம்பே இல்லை, விழுந்துவிட்டது. ஒரே நாளில் மூன்று விதம்!

வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹோர்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது, அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி விரையைத் தட்டுகிறது. விரையில் சுரக்கிற ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் கொம்பு இறுகித் தோல் உரியும், இறங்கினால் கொம்பு விழும்.

சரி, ஸ்கொட்லாந்தில் இருக்கிற மச்சான் ஒரு ஒக்டோபரில் செம்மான்கள் கத்துகிற சத்தத்தைப் பதிந்து அனுப்பியிருந்தான். அங்கே எல்லாக் கலைமான்களும் ஒரே பருவத்தில்தான் கத்துமாம், ஏன்? இரவு நீள நீள, மூளையில் இருக்கிற பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹோர்மோனைக் கூடுதல் நேரம் சுரக்கிறது. பிட்யூட்டரி அந்த நீளத்தை அளந்து, ஹைப்போதலாமஸில் தைரொயிட் ஹோர்மோனின் அளவை மாற்ற, கிஸ்பெப்டின் என்ற புரதத்தைச் சுரக்கிற நரம்புகள் ஜிஎன்ஆர்எச்சை முடுக்கிவிடுகின்றன. (கிஸ்பெப்டினின் மரபணுவை 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் கண்டுபிடித்தார்கள், பெயர் அந்த ஊர்ச் சொக்லேட்டிலிருந்து வந்தது.) ஒக்டோபரில் சேர்ந்தால் ஏறக்குறைய 8 மாதம் கழித்து, ஜூனில், புல் செழித்திருக்கும்போது குட்டி. எனக்குப் பெரிய ஆச்சரியம், இதே நீண்ட இரவு வெள்ளெலி போன்ற ஹாம்ஸ்டருக்கு இனப்பெருக்கத்தை நிறுத்திவிடுகிறது. ஹாம்ஸ்டரின் சூல்காலம் சில கிழமைதான், அதனால் அது கோடையிலேயே சேர்ந்து கோடையிலேயே ஈன்றுவிடும்.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஜூன் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் ஏறக்குறைய 7. நம்முடைய திருகோணமலையில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் 1 மணி நேரம் அளவுதான். இரவு அவ்வளவு மாறாத ஊரில் புள்ளிமான் எந்த மாதத்திலும் ஈனும், ஒவ்வொரு கலைமானும் தன்தன் முறையில் கொம்பு மாற்றும்.

அப்புறம் ஒன்று, அந்த மான்களுக்குத் தின்னக் கொடுக்கிறவர்கள் பொலித்தீனைப் போட்டுவிட்டு வராதீர்கள், அதையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன.

நிலாவெளி, மூதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஆடுகள் எந்தெந்த மாதம் குட்டி போடுகின்றன என்று எழுதுங்கோ.